அருளைத் திரும்பக் கேட்ட தங்கை

1

என் மகள் தன் அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் பெற்றோர் கூட்டத்துக்கே வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். நான் ஆங்கிலம் பேசினால் அவளுக்குக் காது சிவந்துவிடும். அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தபோது, ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்துக்கொண்டே, "அப்பா, நீங்க வந்து பேசணும். ரெண்டு நிமிஷம்தான்" என்றாள். கொஞ்சம் நெகிழ்ந்துகூடப் போனேன். என்ன விஷயம் என்று கேட்ட பிறகு நெகிழ்ச்சி வடிந்துவிட்டது.

மதி இங்கே எங்கள் மாநிலச் சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினரிடம் உதவியாளராக இருக்கிறாள். அந்த அம்மையார் ஒரு மசோதா கொண்டுவருகிறார். ஒரு மனிதனின் உடம்பிலிருந்து உயிரணுவை எடுத்து அதே அச்சில் இன்னொரு குழந்தையை உண்டாக்குகிற குளோனிங் வேலையை இந்த மாநிலத்தில் யாரும் செய்யக் கூடாது என்பது மசோதா. அமெரிக்கா முழுவதற்கும் இதற்கென்று ஒரு சட்டம் கிடையாது. சில மாநிலங்கள் தடை போட்டிருக்கின்றன, சில போடவில்லை. எங்கள் மாநிலம் போடாத கூட்டத்தில் இருக்கிறது.

"இதுவரைக்கும் யாரும் மனுஷனை அப்படிப் பண்ணலையேம்மா. அப்புறம் எதுக்குத் தடை?" என்றேன்.

"பண்ணதுக்கு அப்புறம் தடை பண்ணினா லேட் இல்லையா அப்பா?" என்றாள். நியாயம்தான்.

பொதுமக்கள் கருத்துச் சொல்ல ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். எல்லாச் சமூகத்தாரும் வர வேண்டும் என்று அவளுடைய அம்மையாருக்கு ஆசை. பாதிரியார் கிடைத்துவிட்டார், டாக்டர் கிடைத்துவிட்டார். இலையில் ஓர் அப்பளம் குறைகிறது, அதற்கு நான். பேச வேண்டியதை அவளே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தாள். ஒவ்வோர் உயிரும் தனித்தன்மை கொண்டது என்று தொடங்கும் ஒரு பக்கம். யார் வாசித்தாலும் பொருந்தும், யார் கேட்டாலும் மறந்துபோகும்.

சரி என்று சொல்லிவிட்டேன். பிள்ளை என்னிடம் ஒன்று கேட்டு ரொம்ப நாளாகிறது.

2

நான் நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரன். இங்கே நெடுஞ்சாலைத் துறையில் பாலங்களைச் சோதித்துப் பார்க்கிற வேலை. பனிக்காலத்தில் பாலத்துக்கு அடியில் நின்றுகொண்டு கான்கிரீட்டைச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பதற்காகத்தான் எங்கப்பா வயலில் கிடந்து என்னைப் படிக்க வைத்தார் என்று நினைத்தால் சிரிப்பு வரும். என் பெயர் சேதுராமன். ஆனால் இங்கே என்னை அந்தப் பெயரில் கூப்பிடுகிறவர்கள் குறைவு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் இருப்பதால் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் நான் 'மிஸ்டர் கலியபெருமாள்'. அதுவும் முழுசாக வராது, பாதியில் மூச்சு முட்டி நின்றுவிடுவார்கள். ஊரைவிட்டு மாயவரத்துக்கு அந்தண்டை போகாமலே கண்ணை மூடிய மனிதரை அமெரிக்க அரசாங்கம் வருஷக் கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

மதி கூப்பிட்ட பெருமையில் ஒரு காரியம் செய்தேன். சட்டமன்றப் படிக்கட்டில் அவள் நிற்கிற படத்தைக் குடும்பக் குழுவில் போட்டு, 'மனிதக் குளோனிங்கைத் தடை செய்யும் சட்டத்துக்காக நம் மதி வேலை செய்கிறாள்' என்று எழுதினேன். பூச்செண்டுகளும் கைகூப்பல்களும் வந்து குவிந்தன. என் தங்கை மலர்க்கொடி மட்டும் பார்த்துவிட்டு ஒன்றும் போடவில்லை. அவள் குழுவில் எதுவும் போடுவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகப்போகிறது.

மலர் அதே ஊரில் கல்யாணமாகி அதே ஊரில் இருக்கிறாள். புருஷன் நடராஜன், நெல்லும் வாழையும் பயிர் வைக்கிறவர். மூத்தவன் அருள், திருவாரூரில் பாலிடெக்னிக் படித்தான். இளையவள் யாழினி, எட்டாவது படிக்கிறாள். போன மாசி மாதம் அறுப்பு முடிந்த வயலில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்த அருள், பந்தை அடிக்க எம்பியவன் அப்படியே விழுந்தான். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இதயத்தின் தசை பிறவியிலேயே தடித்திருக்கிறது, வெளியில் தெரியாமல் வளர்ந்திருக்கிறது என்று டாக்டர் நடராஜனிடம் சொன்னாராம். எனக்கு லீவு கிடைத்துக் கருமாதிக்குத்தான் போய்ச் சேர முடிந்தது. வீட்டு வாசலில் அவன் பைக் நின்றது, ஹெல்மெட் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முந்திய விடுமுறையில் அந்தப் பைக்கில்தான் மதியை உட்கார வைத்துக்கொண்டு ஆறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்புவரை போய்வருவான். அவளை அவன் 'அமெரிக்கா' என்றுதான் கூப்பிடுவான். அவளுக்கு அவன் தமிழ் பாதி புரியாது, அவனுக்கு அவள் ஆங்கிலம் பாதி புரியாது, ஆனாலும் வீட்டுக்கு வரும்வரை இரண்டும் சிரித்துக்கொண்டே வரும்.

3

படம் போட்ட இரண்டாம் நாள் மலர் போன் செய்தாள். பின்னால் அறுவடை மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"சாப்பிட்டியாண்ணே?"

"இப்பதான் எழுந்தேன். நீ?"

"ஆச்சு. மதி பண்ற சட்டம் எப்பண்ணே வருது?"

மருமகளைப் பற்றிப் பெருமையாகக் கேட்கிறாள் என்று நினைத்து விலாவாரியாகச் சொன்னேன். முதலில் கருத்துக் கேட்பு, பிறகு குழு, பிறகு ஓட்டெடுப்பு, பிறகு கவர்னர் கையெழுத்து.

"அப்ப இப்போதைக்குத் தடை இல்ல?"

"இல்ல."

"அதுக்குள்ள செஞ்சுட்டா தப்பில்லதானே?"

"எதைம்மா?"

"அருளை."

அவளே தொடர்ந்து பேசினாள். குரலில் அழுகை இல்லை, யோசித்து வைத்ததைச் சொல்கிற நிதானம் இருந்தது.

"நாய்க்குச் செய்யறாங்கண்ணே. வீடியோ பார்த்தேன். செத்துப்போன நாயோட தோல்லேருந்து எடுத்து அதே மாதிரி குட்டி. அதே காது, அதே புள்ளி. உங்க நாட்டுலதான்."

"நாய் வேற, மனுஷன் வேறம்மா."

"ஏன் வேற? நம்ம படுகையில நிக்கற வாழை எல்லாம் எப்படி வந்துச்சு?"

இதை ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெண்ணாற்றை ஒட்டிய படுகை நிலத்தில் நடராஜன் வாழை வைக்கிறார். முன்பெல்லாம் தாய்மரத்தின் பக்கக் கன்றைக் கடப்பாரையால் பெயர்த்து வந்து நடுவோம். இப்போது திசு வாழை. நல்ல மரம் ஒன்றின் குருத்திலிருந்து நகக்கண் அளவுக்கு எடுத்து, கண்ணாடிப் பாட்டிலில் வளர்த்து, ஒன்றை ஆயிரமாக்கி அனுப்புகிறார்கள். எல்லாம் ஒரே உயரம், ஒரே வாரத்தில் குலை தள்ளும். லாரியில் வந்து இறங்கும் அந்தக் கன்றுகளுக்கு நிழல்வலை கட்டித் தண்ணீர் தெளித்துத் தேற்றுகிற வேலை மலருடையது. வருஷா வருஷம் அவள் கையில்தான் அவை உயிர் பிடிக்கின்றன. தனக்குத் தெரிந்த விஞ்ஞானத்தை வைத்துக்கொண்டுதான் அவள் கேட்டாள்.

"ஒரு கன்னு பட்டுப்போனா அதே மாதிரி இன்னொண்ணு குடுக்கறாங்க. என் புள்ளைக்கு மட்டும் ஏன்ணே இல்ல? அவன் ஹெல்மெட்டுக்குள்ள முடி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணு விடாம எடுத்துக் கவர்ல போட்டு ஃபிரிட்ஜ்ல வச்சிருக்கேன். முடி போதுமா, வேற ஏதாவது வேணுமான்னு மதிகிட்ட கேளு. நானே சுமக்கறேன். எனக்கு ஒண்ணும் வயசு ஆயிடல."

முடியாது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். கடல் கடந்து வந்தவனுக்கு எல்லாக் கதவும் திறக்கும் என்று ஊரில் நம்புகிறார்கள். கார் இறக்குமதி பண்ண முடியுமா, காலேஜ் சீட்டு வாங்க முடியுமா, வேலை போட்டுக் கொடுக்க முடியுமா என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் இது வந்து நிற்கிறது. "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றேன்.

"சீக்கிரம் விசாரிண்ணே. சட்டம் வந்துடப்போகுது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

4

என் மனைவி சுமதி மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"விசாரிக்கறேன்னு ஏங்க சொன்னீங்க? அது நம்பிக்கிட்டு இருக்கும்."

"நீ பேசிப் பாரேன்."

"உங்க தங்கச்சி. நான் சொன்னா அண்ணி வந்து தடுத்துட்டான்னு ஆயிடும்."

மறுநாள் நடராஜனைக் கூப்பிட்டேன். கொள்முதல் நிலையத்தில் இருந்தார். நெல்லைக் கொட்டித் தார்ப்பாய் போட்டுவிட்டு, ஈரப்பதம் பார்க்க ஆள் வரும்வரை குவியலுக்குக் காவல். வாரக்கணக்கில் அங்கேயே படுக்கை.

"தெரியும் மச்சான்" என்றார். "தயிரை எடுக்கறப்பவெல்லாம் அந்தக் கவர் கையில படுது. நான் எடுத்துப் போட்டேன்னா அவ என் மூஞ்சில முழிக்க மாட்டா. முடியாதுன்னு நான் சொல்லியாச்சு. உங்களுக்கு என்ன தெரியும்கறா. நீங்க சொல்லுங்க. அமெரிக்காவே முடியாதுன்னு சொல்லிடுச்சுன்னு சொன்னா கேட்டுக்குவா."

அவர் சொன்னது என் மனசில் உட்கார்ந்துவிட்டது. அமெரிக்காவே முடியாது என்று சொல்லிவிட்டால். அதாவது இந்தச் சட்டம் மட்டும் வந்துவிட்டால், நான் என் தங்கையிடம் எதையும் மறுக்க வேண்டியதில்லை. சட்டம் மறுத்துவிடும். பாவம் அண்ணன், என்ன செய்வான், அதற்குள் தடை போட்டுவிட்டார்கள் என்று அவள் சட்டமன்றத்தைத் திட்டிக்கொள்வாள். அதுவரை அப்பளமாக இருந்தவனுக்கு அந்த மசோதா நிறைவேற வேண்டுமே என்று நிஜமான அக்கறை வந்துவிட்டது. மதி எழுதித் தந்த பக்கத்தைக் காரில் போகும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தேன். 'தனித்தன்மை'க்கான ஆங்கிலச் சொல் என் வாயில் மாட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது. அவள் போனிலேயே உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்தாள், நானும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலத் திருப்பிச் சொன்னேன். அவள் சிரித்தாள். அவள் சிரிப்பதற்காக இன்னும் இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள் ஊருக்கு வீடியோவில் பேசினேன். மலர் அடுப்பில் ஏதோ வைத்திருந்ததால் யாழினி எடுத்தாள். அந்தப் பெண்ணை நான் திரையின் ஓரத்தில்தான் பார்த்திருக்கிறேன். கையில் தட்டோடு குறுக்கே போவாள், வருவாள்.

"மாமா, நான் நானூறு மீட்டர்ல வட்டாரப் போட்டிக்கு செலக்ட் ஆயிட்டேன்."

"சபாஷ்! அம்மா என்ன சொன்னாங்க?"

"அம்மாகிட்ட இன்னும் சொல்லல" என்றாள். பிறகு உள்ளே திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "அண்ணன் திரும்ப வருமாமா மாமா? வந்தா அது சின்னப் பாப்பாவா இருக்கும்ல? நான் அண்ணன்னா கூப்பிடணும்?" என்று கேட்டாள். மலர் வந்து போனை வாங்கிக்கொண்டுவிட்டாள். நான் பதில் சொல்வதிலிருந்து தப்பித்தேன்.

5

கருத்துக் கேட்பு நடந்த நாள் நல்ல பனி. சட்டமன்றத்தின் பக்கவாட்டு அறை ஒன்றில் மேஜை போட்டு உறுப்பினர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நம் ஊர்க் கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் ஞாபகம் வந்தது. அங்கே ஒருவர் காய்ந்த பயிரைப் பிடுங்கிக் கொண்டுவந்து அதிகாரி முகத்துக்கு நேரே ஆட்டுவார், இன்னொருவர் தரையில் உட்கார்ந்துவிடுவார், சத்தம் வெளியில் டீக்கடைவரை கேட்கும். இங்கே இருமுகிறவர்கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இருமினார். வாசலில் பெயர் பதிகிற பெண் என் அடையாள அட்டையைப் பார்த்து, "கலி... கலியா..." என்று இழுத்தாள். ஆமாம் அதுதான் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். மதி கறுப்புக் கோட்டில் உறுப்பினர்களுக்குப் பின்னால் நின்றிருந்தாள். என்னைப் பார்த்துக் கொஞ்சமாகக் கையை ஆட்டினாள். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் பாதிரியார் பேசினார். அடுத்து ஒரு விவசாயி, இந்த நாட்டு விவசாயி, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். செத்துப்போன தன் நாயை நகலெடுத்து வாங்கியவர். இரண்டு படங்களைத் தூக்கிக் காட்டினார், இரண்டும் ஒன்றுதான். "பழையது லாரியைக் கண்டாலே ஏறிக் குதிக்கும். இது லாரியைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. இதன்மேலும் எனக்கு உயிர்தான். ஆனால் இது அது இல்லை. பழையதின் பெயரை இதற்கு வைத்திருக்கக் கூடாது" என்றார். மலரை இங்கே உட்கார வைத்து இதைக் கேட்க வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு முந்திய ஆள் ஒரு பெண் டாக்டர். பரம்பரை நோய்களைப் பார்க்கிறவராம், நரைத்த தலை, குரல் உயரவே இல்லை. விலங்குகளில் எத்தனை கரு கலைந்து ஒன்று தேறுகிறது, தேறியதும் எப்படி நோயோடு பிறக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு சொன்னார்: "பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள்தான் இதைக் கேட்டு வருவார்கள். அவர்களைக் குற்றவாளியாக நினைத்து இந்தச் சட்டத்தை எழுதாதீர்கள். ஆனால் அச்சு அசலாக எடுத்தால் நோயும் அச்சு அசலாக வரும். ரத்தத்தில் வந்த இதய நோயால் இறந்த பிள்ளையை நகலெடுத்தால், அதே இதயத்தைத்தான் எடுப்பீர்கள்."

ஓர் உறுப்பினர் குறுக்கிட்டு, அப்படி வருகிறவர்களுக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார்.

"வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்பேன். கூடப் பிறந்தவர்களுக்கும் அது இருக்கலாம். முதலில் அவர்களைக் கூட்டிவாருங்கள் என்பேன்."

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. யாழினி தட்டோடு குறுக்கே போவதும் வருவதும்தான் கண்ணுக்குள் ஓடியது. வட்டாரப் போட்டி. நானூறு மீட்டர். சபாஷ் என்று சொன்னவன் நான். பனியில் நனைந்த மேல்கோட்டு நாற்காலியிலேயே கிடக்க, எழுந்து வெளியே வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் எங்கப்பா பெயரைத் தட்டுத்தடுமாறிக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

6

ஊரில் அப்போது ராச்சாப்பாட்டு நேரம். இரண்டாவது மணியிலேயே மலர் எடுத்தாள்.

"விசாரிச்சியாண்ணே?"

"விசாரிச்சேன். பெரிய டாக்டரே சொல்லிட்டாங்கம்மா. அப்படி ஒண்ணு செய்ய முடிஞ்சாலும் அதே நெஞ்சோடதான் பொறக்கும். அருளுக்கு இருந்த அதே கோளாறு."

அவள் அதிர்ந்துபோவாள் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியும்ணே" என்றாள்.

"தெரியுமா?"

"தாய்க் கட்டையில வாடல் நோய் இருந்தா கன்னுக்கும்தான் வரும். இது தெரியாமலா வாழை வச்சிருக்கோம்? ஆனா இந்தத் தடவை நமக்கு முன்னாடியே தெரியும்லண்ணே. பொறந்த அன்னைக்கே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போவேன். ஓட விட மாட்டேன். பந்து ஆட விட மாட்டேன்." அதுவரை நிதானமாக இருந்த குரல் உடைந்தது. "அன்னைக்கு என்கிட்ட சொன்னாண்ணே. நெஞ்சு படபடங்குதும்மான்னான். கேஸா இருக்கும்டான்னு ஓமத்தண்ணி குடுத்தேன். மடக்கு மடக்குன்னு குடிச்சிட்டு ஆடப் போனான்."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நடராஜனிடம்கூடச் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. ஒரு வருஷமாக அந்த ஓமத்தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள் என் தங்கை, நான் இங்கே சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருக்கிறேன். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. அவளைத் தேற்ற வேண்டும், ஆனால் அதற்கு நேரமில்லை.

"மலரு, யாழினியைக் காட்டினியா?"

"யாரை?"

"யாழினியை. டாக்டர்கிட்ட. நெஞ்சுக்கு."

"அவளுக்கு என்ன? நல்லாத்தானே இருக்கா."

"அருளும் நல்லாத்தானேம்மா இருந்தான்."

வேறு யாருடையதோ போன்ற குரலில், "மாடியில ஓடிக்கிட்டு இருக்காண்ணே" என்றாள். "தெனமும் ஓடுறா. தடதடன்னு சத்தம் கேக்கும். தல வலிக்குது, நிறுத்துடின்னு நான்..." அதற்குள் போன் எதன் மேலோ விழுந்தது. "யாழினி! ஏய் யாழினி! ஓடாதடி! நில்லுடி அங்கயே!" படிக்கட்டில் அவள் ஏறுகிற சத்தம் தூரமாகப் போயிற்று.

நான் காதில் போனை வைத்துக்கொண்டு அந்தப் பளிங்குத் தாழ்வாரத்தில் நின்றேன். கதவு திறந்து மதி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அப்பா! உங்க பேர கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. என்ன பண்றீங்க இங்க?"

சொன்னேன். அருளின் நெஞ்சு, டாக்டர் சொன்னது, மாடியில் ஓடுகிற யாழினி. எனக்கு வார்த்தை கோர்வையாக வரவில்லை. பாதியிலேயே அவள் புரிந்துகொண்டு போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அந்தப் பக்கம் மூச்சிரைக்க மலர் வந்திருக்க வேண்டும்.

"அத்தை, நான் மதி. நாளைக்கே போங்க. தஞ்சாவூர். எக்கோ டெஸ்ட் கேளுங்க. மாமாவும் பண்ணணும், நீங்களும் பண்ணணும். அவ ஓட வேண்டாம். படியில மெதுவா ஏறணும். சரியா அத்தை? அழாதீங்க. இல்ல, அழுங்க, ஆனா நாளைக்கு போங்க."

அவள் தமிழ் இவ்வளவு நீளமாக ஓடி நான் கேட்டதில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அருளுக்கும் இதே மாதிரி யாராச்சும் சொல்லியிருக்கணும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கோட்டுப் பையில் கைக்குட்டை தேடி, இல்லாததால் கோட்டிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

7

மசோதா இன்னும் நிறைவேறவில்லை. ஆராய்ச்சிக்கு எதுவரை விடலாம், குழந்தை என்று எதைச் சொல்வது என்று விளக்கச் சொற்களைத் திருத்தி எடுத்து வரும்படி குழு திருப்பி அனுப்பியிருக்கிறது. மதி ராப்பகலாக அதில் கிடக்கிறாள். சட்டம் வர வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், ஆனால் எனக்காக அது வர வேண்டியதில்லை. ஓமத்தண்ணீர் கொடுத்து அனுப்பிய ஒரு தாயின் கணக்கில் எந்த மன்றமும் தீர்மானம் போட முடியாது.

தஞ்சாவூரில் மூன்று பேரையும் பார்த்தார்கள். மலருக்கு ஒன்றுமில்லை. யாழினிக்கு இருக்கிறது, இப்போதுதான் தொடக்கம். தினம் ஒரு மாத்திரை, போட்டி விளையாட்டு கூடாது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும், இப்படிப் பார்த்துக்கொண்டால் நல்லபடியாக இருக்கலாம் என்றாராம் டாக்டர். இருக்கலாம் என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து எதையும் பிடுங்க முடியவில்லை. நடராஜனுக்கும் லேசாக இருக்கிறது. "எங்கிட்டேருந்துதான் மச்சான் ரெண்டுக்கும் போயிருக்கு" என்று என்னிடம் சொன்னார். அன்று சாயங்காலமே கொள்முதல் நிலையத்துக்குத் திரும்பிப் போய்விட்டார், போய்ப் படு என்று எல்லாரும் சொல்லியும் கேட்கவில்லை. மலர் குளோனிங் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அந்தக் கவரைப் பற்றி நான் கேட்கவில்லை.

அருளின் முதல் திவசத்தன்று போன் செய்தேன். யாழினிதான் எடுத்தாள். என் மேல் கோபமாக இருந்தாள். வட்டாரப் போட்டியில் அவள் இடத்தில் வேறொரு பெண் ஓடி மூன்றாவதாக வந்திருக்கிறாள், தான் ஓடியிருந்தால் முதலாவதாம்.

"நீங்கதான் அம்மாகிட்ட சொல்லிக் குடுத்தீங்களாம்ல மாமா?"

"ஆமாம்மா."

"அது போகட்டும். இன்னொண்ணு நீங்க சொல்லணும்" என்று குரலைத் தாழ்த்தினாள். "அம்மா இப்ப என் பக்கத்துலதான் படுக்குது. என் நெஞ்சு மேல கைய வச்சுக்கிட்டே தூங்குது. ரொம்ப கனமா இருக்கு மாமா, புழுங்குது. நான் எடுத்து விட்டாலும் தூக்கத்துலயே திரும்ப வைக்குது. நீங்க சொன்னாத்தான் கேக்கும். கைய எடுக்கச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். இதுவரை சொல்லவில்லை.